சீசன் பணத்தில் நடக்கும் கடைக்கு வங்கிக் கடன்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "குன்னூரில் ஆறு வருடமாக ஹோம்மேட் சாக்லேட்டும் வர்க்கியும் செய்து விற்கிறோம். வருடத்துக்கு 24 லட்சம் வரை ஓடுகிறது. மெல்டர், டீப் ஃப்ரீசர், புது அடுப்பு எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகும். வங்கியில் கேட்டால், கணக்கு சரியில்லை, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது என்ன?"

வருடத்துக்கு 24 லட்சம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு வங்கியால் எதையும் முடிவு செய்ய முடியாது. தவணை மாதா மாதம் வரும். மலையில் பணம் அப்படி வராது. ஏப்ரல், மே கோடை சீசன், செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன், டிசம்பர் கடைசியில் பத்து நாள் கூட்டம். ஜூலையில் மழையும் மூடுபனியும் இறங்கினால் பெட்போர்டு கடைத்தெருவே ஆறு மணிக்கு அடங்கிவிடும். எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது, எந்த மாதத்தில் துண்டு விழுகிறது, அதை எதைக் கொண்டு ஈடுகட்டுவீர்கள் என்று மாதவாரியாகக் காட்டும் ஒரு தாள்தான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர். லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, வரி ரிட்டர்ன் எல்லாம் அந்தத் தாளுக்குச் சாட்சி சொல்ல வருபவை.

முதல் வேலை, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரிப்பது. கவுன்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு உங்கள் சொந்த சேவிங்ஸ் கணக்கோடு இணைந்திருந்தால், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கொக்கோ வாங்கிய பணமும் ஒரே ஸ்டேட்மென்டில் கலந்து கிடக்கும். கடையின் பெயரில் கரண்ட் அக்கவுன்ட் திறந்து க்யூஆரை அதற்கு மாற்றுங்கள். ரொக்க விற்பனையை அன்றன்றோ, இரண்டு நாளுக்கு ஒரு முறையோ அதில் கட்டுங்கள். கடன் கேட்கும் மாதத்தில் மட்டும் யாரிடமோ கைமாற்று வாங்கி மொத்தமாகக் கட்டி, மறுவாரம் எடுத்துவிடுபவர்கள் உண்டு. ஸ்டேட்மென்டைப் பார்க்கும் அதிகாரி அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் நீங்கள் காட்டும் உண்மையான எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

தினசரிக் கணக்குக்கு ஒரு நீள நோட்டு போதும். காலை கையிருப்பு, அன்றைய ரொக்க விற்பனை, க்யூஆர் விற்பனை, கொடுத்த பணம் யாருக்கு எதற்கு, இரவு கையிருப்பு. இரவு இருப்பு கல்லாவில் உள்ள காசோடு ஒத்துவர வேண்டும். வீட்டுக்கு எடுக்கும் பணத்துக்குத் தனிப் பத்தி போடுங்கள். அது கடையின் செலவு அல்ல, உரிமையாளர் எடுப்பு. இதைச் செலவில் சேர்த்தால் லாபம் குறைவாகத் தெரியும். எழுதாமலே விட்டால் கல்லா ஒருநாளும் ஒத்துவராது. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் உள்ள கடைகளுக்குக் கடனில் சரக்குப் போட்டிருந்தால் ஆள்வாரியாக ஒரு பக்கம், நீங்கள் கொடுக்க வேண்டிய மொத்த வியாபாரிகளுக்கு ஆள்வாரியாக ஒரு பக்கம். அதற்குமேல் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

மார்ச் 31 அன்று சரக்கை எடை போட்டு எழுதுவது பலர் கைவிடும் வேலை. கொள்முதல் விலையில் எழுத வேண்டும், விற்பனை விலையில் அல்ல. ஈரத்தில் வெளுத்துப்போன சாக்லேட், தேதி முடிந்த முந்திரி இதையெல்லாம் கழித்துவிடுங்கள். சரக்கைக் கூட்டிக் காட்டினால் இந்த வருட லாபம் ஏறும், ஆனால் அதே சரக்கு அடுத்த வருடத்தின் தொடக்க இருப்பாக வந்து அந்த வருட லாபத்தைத் தின்னும். இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வியாபாரம் சரிகிறது என்ற தோற்றம் வந்துவிடும்.

அடுத்தது வரி ரிட்டர்ன். 'கணக்கு சரியில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். 44ஏடி என்று எல்லோரும் சொல்லும் உத்தேச முறையில், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்த விற்பனைக்கு 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும். 24 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் 1,92,000. அதாவது மாதம் 16,000. அந்த 16,000-ல் குடும்பமும் நடத்தி, பத்தாயிரம் தவணையும் எப்படிக் கட்டுவீர்கள் என்று மேனேஜர் கேட்டால், வாய்வழியாக நீங்கள் சொல்லும் எந்த எண்ணும் எடுபடாது. 8 சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவு. உண்மையான லாபம் கூடுதலாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு, வரித் தள்ளுபடி போக, வரி வராது. ஆகவே மூன்று, நான்கு லட்சம் லாபத்தை மறைத்து நீங்கள் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை, இழப்பது கடன் தகுதியை. மூன்று வருட ரிட்டர்னை ஒரே வாரத்தில் தாக்கல் செய்து எடுத்துப் போவதும் வேலைக்கு ஆகாது, தாக்கல் செய்த தேதி அதிலேயே அச்சாகியிருக்கும்.

ஜிஎஸ்டியில் மலைக்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை என்பது சரி. ஆனால் கோழிக்கோட்டுக்கோ பெங்களூருக்கோ கூரியரில் சாக்லேட் அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அதற்கு விற்பனை எவ்வளவாக இருந்தாலும் பதிவு தேவை. 1 சதவீதம் கட்டும் காம்போசிஷன் முறையிலும் வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது. இந்த மலையிலோ பாதி வாடிக்கையாளர்கள் கேரளத்துக்காரர்களும் கர்நாடகத்துக்காரர்களும்தான். கூரியர் வியாபாரத்தை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதப்போகிறீர்கள் என்றால், சாதாரண முறையில் பதிவு செய்த பிறகு எழுதுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் வங்கிக்கு விற்பனைச் சாட்சியாகவும் ஆகும். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும், அரை மணி நேர வேலை. உங்கள் விற்பனை அளவுக்கு உரிய உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ, அதோடு உள்ளாட்சி உரிமமும் நடப்பில் இருக்க வேண்டும்.

இனி 6 லட்சம் என்ற எண். இயந்திரத்தின் விலையை மட்டும் எழுதி, ஜிஎஸ்டி, மலையேற்றும் லாரி வாடகை, பொருத்தும் கூலி ஆகியவற்றை விட்டுவிடுவது வழக்கம். மும்முனை மின் இணைப்புக்கு மின்வாரியத்தில் கட்டும் வைப்புத்தொகை, மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் ஸ்டெபிலைசர், ஈரப்பதத்தை இழுக்கும் கருவி இவையும் செலவில் சேர வேண்டும். ஜூலை ஈரத்தில் சாக்லேட்டின் மேல் சர்க்கரை பூத்து வெளுத்தால் அந்தச் சரக்கு திரும்பி வரும், இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். பொட்டலமும் கவனம்: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குக் கடுமையான தடை இருக்கிறது. சமவெளிக் கணக்கில் பிளாஸ்டிக் கவர் விலையைப் போட்டுவிட்டு, இங்கே அட்டைப்பெட்டி வாங்கினால் கிலோவுக்கான செலவு மாறிவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடன் வாங்கினால், இயந்திரம் வந்து இறங்கிய பின் ஓட்டப் பணமில்லாமல் நகையைக் கொண்டுபோய் வைக்க வேண்டிவரும். குறைந்தது இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள். பணம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது, வங்கி நேராக விற்பனையாளருக்கே அனுப்பும்.

எல்லாம் சேர்ந்து 6 லட்சம் என்றே வைத்துக்கொண்டு, உங்கள் கடை மாதிரி ஒன்றுக்குக் கணக்குப் போடுகிறேன். எண்களை உங்கள் நோட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். சொந்தப் பணம் 1.5 லட்சம், கடன் 4.5 லட்சம், 11 சதவீத வட்டி, 5 வருடம். தவணை மாதம் 9,784. வருடத்துக்கு 1,17,400 சொச்சம். விற்பனையில் 60 சதவீதம் மூலப்பொருளுக்கும் பொட்டலத்துக்கும் போகிறது என்றால் மீதி 9,60,000. வாடகை 12,000, இரண்டு ஆள் சம்பளம் 24,000, மின்சாரமும் கேஸும் 6,000, வண்டியும் இதரமும் 5,000 என்று மாதம் 47,000 நிலையான செலவு; வருடத்துக்கு 5,64,000. மிஞ்சுவது 3,96,000.

இயந்திரத்துக்கு முதல் வருடத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 90,000. முதல் வருட வட்டி சுமார் 46,000. இரண்டையும் கழித்தால் நிகர லாபம் 2,60,000. தேய்மானத்துக்காக யாருக்கும் காசு கொடுப்பதில்லை, தாளில் மட்டும் கழிகிறது. அதனால் வங்கி, கடனைத் தாங்கும் விகிதத்தை, அதாவது டிஎஸ்சிஆரைப் பார்க்கும்போது நிகர லாபத்தோடு தேய்மானத்தையும் வட்டியையும் திரும்பக் கூட்டி, வருடத்தில் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுக்கும். 3.96-ஐ 1.17-ஆல் வகுத்தால் 3.3-க்கு மேல். வங்கிகள் சராசரியாக 1.5 இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் இது மிக நன்றாகத் தெரியும். ஆனால் இதை நம்பி நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. வீட்டுக்கு மாதம் 18,000 எடுக்கிறீர்கள் என்றால் வருடத்துக்கு 2,16,000 போகிறது. மீதி 1,80,000. இப்போது விகிதம் 1.53. உங்களுக்கு நீங்களே போட்டுப் பார்க்க வேண்டிய விகிதம் இதுதான். அதோடு, புது இயந்திரத்தால் வரப்போகும் கூடுதல் விற்பனையை இதில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை என்பதையும் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். பழைய விற்பனையிலேயே தவணை கட்ட முடியும் என்று காட்டும் விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இப்போது அதே வருடத்தை மாதமாகப் பிரியுங்கள். மே மாதம் 4.2 லட்சம் விற்றால் மூலப்பொருள் போக 1,68,000. அதில் நிலையான செலவு, வீட்டுச் செலவு, தவணை மூன்றும் போக சுமார் 93,000 கையில் நிற்கும். ஜூலையில் 80,000-தான் விற்கிறது என்றால் மூலப்பொருள் போக 32,000. செலவு 47,000, வீட்டுக்கு 18,000, தவணை 9,784. சுமார் 43,000 துண்டு. லாபத்தில் ஓடும் கடைதான், ஆனால் ஜூலையில் தவணை கட்டக் கையில் பணம் இல்லை.

மார்ச் இன்னும் மோசம். ஏப்ரல், மே விற்பனைக்கான சரக்கு மொத்தம் 5 லட்சத்துக்கு வேண்டும். பாதியை மார்ச்சிலேயே வாங்கிப் போட்டால் 2.5 லட்சம். மார்ச் விற்பனை 1.4 லட்சம். மார்ச்சில் விற்கும் சரக்கு முன்பே வாங்கியது என்று வைத்தாலும், நிலையான செலவு, வீட்டுச் செலவு, தவணை எல்லாம் போக 1.85 லட்சம் பள்ளம். இந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் பலர் இயந்திரக் கடனிலிருந்து சுரண்டுகிறார்கள், இல்லையென்றால் மீட்டர் வட்டிக்குப் போகிறார்கள். இரண்டுமே தப்பு. இயந்திரத்துக்கு டேர்ம் லோன், சரக்குக்குத் தனியாக சிசி (கேஷ் கிரெடிட், வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) என்று இரண்டு கடனாகக் கேளுங்கள். நடைமுறை மூலதனத்துக்கு வங்கிகள் பயன்படுத்தும் நாயக் குழு கணக்குப்படி, எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் வரை வங்கி தரலாம். 24 லட்சத்துக்கு அது 4.8 லட்சம். கிடைக்கிறதே என்று முழுவதும் வாங்க வேண்டாம். உங்கள் பள்ளம் 1.85 லட்சம், 2 லட்சம் வரம்பு போதும். டேர்ம் லோனும் சிசியும் சேர்ந்து 6.5 லட்சம், இது மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவில் 5 முதல் 10 லட்சம் வரையிலான தருண் பிரிவில் அடங்கும்.

கடன் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். ஜூனில் பணம் வந்து ஆறு மாதம் தவணை விடுப்பு கிடைத்தால், விடுப்பு முடிந்து கட்டத் தொடங்குவது ஜனவரியின் வறண்ட நாளில். ஜனவரியிலேயே பணம் வந்து, மார்ச்சுக்குள் இயந்திரம் ஓடத் தொடங்கி, முதல் தவணை மே மாதம் என்றால் கடையும் மூச்சு விடும். எனவே விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரிலேயே கொடுங்கள். விடுப்பு மாதங்களுக்கும் வட்டி ஏறும் என்பதை மறக்க வேண்டாம். சீசனுக்கு ஏற்ப ஏறி இறங்கும் தவணையைக் கேட்டுப் பார்க்கலாம். மாதவாரித் தாள் கையில் இருந்தால்தான் கேட்கவே முடியும். கிடைக்காவிட்டால் மே கடைசியில் ஐந்து தவணைக்கான 49,000-ஐத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

விற்பனை ஆண்டுக்கு 40 சதவீதம் ஏறும் என்று எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் தயாரிப்பாளர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு போட்டது. வரும் வண்டிக்கே வரம்பு இருக்கும்போது கவுன்டர் விற்பனை எப்படிப் பாயும் என்று உள்ளூர் மேனேஜர் கேட்பார். கூடுதல் விற்பனை என்றால் அது கூரியரிலிருந்தா, கோவை, திருப்பூர் கடைகளுக்குப் போடும் சரக்கிலிருந்தா என்று பிரித்து எழுதுங்கள். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஒரு வாரம் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

அடமானம் பற்றி. சிறு, குறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் போனாலும், சிறுதொழில் கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ அறக்கட்டளையின் கீழ் அடமானமில்லாமல் கேட்கலாம். மலையில் இது பெரிய ஆறுதல். இங்கே நிலம் தாத்தா பெயரிலேயே கூட்டுப்பட்டாவாகக் கிடக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969 ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்துக்குப் பட்டாவே இருக்காது. அப்படிப்பட்ட நிலத்தை நம்பி அலைவதை விட, அடமானமில்லாத வரம்புக்குள் கடனைச் சுருக்கிக் கேட்பது நல்லது.

மானியத்தை நினைத்துக் கணக்குப் போட வேண்டாம். மத்திய அரசின் மானியக் கடன் திட்டமான பிஎம்இஜிபி புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. ஆறு வருடமாக நடக்கும் கடைக்கு அது பொருந்தாது. புதிதாகத் தொடங்கும் மலைப்பகுதியினர், பெண்கள், பட்டியல் மற்றும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஊரகத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம் வரை உண்டு. அந்தப் பணமும் கையில் வராது, மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நின்று பிறகுதான் கடனில் கழியும். உங்களைப் போல நடந்துகொண்டிருக்கும் சிறு உணவுத் தயாரிப்புக்கென வந்த திட்டம் பிஎம்எஃப்எம்இ, 35 சதவீதம், 10 லட்சம் வரை. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள், கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லில். வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரிடம் போகாதீர்கள். கடன் ஒப்புதலுக்கு முன்பே இயந்திரத்தை வாங்கிவிட்டாலும் மானியம் சிக்கலாகும்.

வங்கி இழுத்தடிக்கிறது என்று தனியார் நிதி நிறுவனத்துக்குப் போனால் 'ஃபிளாட்' வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று முதலில் கேளுங்கள். 5 லட்சம், 3 வருடம், 12 சதவீதம் என்று இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சொல்வார்கள். குறையும் அசலில் தவணை 16,607, மொத்த வட்டி சுமார் 98,000. ஃபிளாட்டில் தவணை 18,889, மொத்த வட்டி 1,80,000. அந்த '12' உண்மையில் 21 சதவீதம். விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும், மகளிர் குழுக் கடனும் அதில் தெரியும். அவற்றை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள், நகைக்கடனையும் சேர்த்து.

கடன் கிடைத்த பிறகு இரண்டு வேலை தொடரும். ஒன்று காப்பீடு: இயந்திரத்துக்கும் சரக்குக்கும் எடுக்கும்போது பாலிசியில் நிலச்சரிவு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் அது உண்டு. இன்னொன்று சிசிக்கு மாதா மாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது சரக்கு இருப்புக் கணக்கு. 2 லட்சம் வரம்பு என்பதால் எப்போதும் 2 லட்சம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. பணம் கொடுத்து முடித்த சரக்கின் மதிப்பில் பொதுவாக 25 சதவீதம் கழித்து மீதிக்குத்தான் எடுக்க உரிமை. மார்ச்சில் 2.7 லட்சத்துக்குச் சரக்கு இருந்தால் முழு 2 லட்சமும் கிடைக்கும். ஜூலையில் சரக்கு 80,000-க்கு இறங்கினால் உங்கள் உரிமை 60,000. அதற்குமேல் எடுத்து வைத்திருக்கும் தொகை ஒழுங்கற்றதாகக் குறிக்கப்படும்; அது 90 நாள் நீடித்தால் கணக்கே வாராக்கடனாகிவிடும். அதனால் மே சீசன் பணத்தில் முதலில் சிசியைத்தான் இறக்க வேண்டும், ஜூன் 10-க்குள். ஜூலையின் 43,000-ஐ அப்போது அதிலிருந்தே எடுத்துக்கொள்ள இடம் இருக்கும்.